வெங்கலத்தின் வாய்

அவரை எல்லோரும் வெங்கலம் என்றுதான் கூப்பிடுவோம். மீன் சந்தையில் ஏலம் விடுகிறவர். தகரக் கூரையின் கீழே ஐஸ் உடைக்கிற மெஷின் கடகடவென்று ஓடும், வண்டிகள் பின்பக்கமாக வந்து ஹாரன் அடிக்கும், கூடை தூக்குகிறவர்கள் வழி விடச் சொல்லிக் கத்துவார்கள். அத்தனை சத்தத்தையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். அந்தக் குரலுக்காக வைத்த பேர்தான். ஐஸ் மெஷின் என்னுடையது. அவர் வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்ததும் நான்தான். ஆகவே காலையில் அவர் சந்தையைத் திட்டுவதையும், மத்தியானத்துக்கு மேல் மாடியில் தன் மனைவியைத் திட்டுவதையும் சேர்த்துக் கேட்கிற பாக்கியம் எனக்கு ஒருவனுக்குத்தான் வாய்த்திருந்தது.

திட்டாமல் அவருக்கு ஏலம் விட வராது. ஒரு கூடை இறாலைத் தூக்கி மேடையில் வைத்தால், இறாலைப் பற்றி ஒரு வார்த்தை, வாங்க வந்தவனைப் பற்றி ஒன்பது வார்த்தை. சாப்பாட்டுக்கடைக்கு மீன் வாங்க வருகிற ஒருவருக்குக் கொஞ்சம் திக்கும். அவர் விலை சொல்ல வாயெடுத்ததும் வெங்கலம் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடித் தூங்குவது மாதிரி நிற்பார். நசுங்கின மீனைப் பொறுக்கி வாங்கிப்போகும் ஒரு விதவைக்கு, "உன் புருஷன் போனது பசியிலயா, நீ வச்ச கொழம்புலயா?" என்று கேட்பார். கூட்டம் சிரிக்கும். அந்தப் பெண்ணும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் அடுத்த நாள் அவளுக்கு அந்தக் கழிசல்கூடக் கிடைக்காது. அடுத்தவன் மாட்டினால் வயிறு குலுங்கச் சிரிப்பது, தான் மாட்டினால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பது. அந்தச் சந்தையின் மொத்த நாகரிகமும் இவ்வளவுதான். இதை அவர்கள் "வெங்கலத்துக்கு வாய்தான் அப்படி, மனசு தங்கம்" என்று சொல்லிச் சொல்லி மெழுகிவைத்திருந்தார்கள். அந்தத் தங்கத்தை எவனும் உரசிப் பார்த்ததில்லை.

அவர் வாய் நாறும். சும்மா இல்லை. நாங்கள் எல்லோரும் மீன் நாற்றத்துக்குள்ளேயே குடியிருக்கிறவர்கள். ரப்பர் பூட்ஸைக் கழற்றினால் வீட்டுப் பூனை ஓடி வரும். எங்களுக்கே தாங்காது. ஈறு நீலம் பாரித்து வீங்கி, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே எப்போதும் ஏதோ கசிந்துகொண்டிருக்கும். ஓய்வாக நிற்கும்போது கூடையில் கிடக்கும் மீன் முள் ஒன்றை எடுத்து அங்கே குத்திக் குடைவார். ரத்தம் வரும். அதைச் சப்புக்கொட்டிவிட்டு அடுத்த கூடைக்குக் கூப்பிடுவார். ரொட்டியைக் கடித்தால் கடித்த இடம் சிவப்பாக இருக்கும். வாங்க வருகிறவர்கள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நின்றுகொள்வார்கள். ஒருத்தன் அவரிடம் சொல்வானா? மாட்டான். அவர் முதுகுப் பக்கம் மூக்கைப் பிடித்துக் காட்டுவான், முகத்துக்கு நேரே "அண்ணே" என்பான்.

சொன்னது ஒரே ஒரு ஆள், அவர் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். கல்யாணமான புதிதில், வேப்பங்குச்சியோ பல்பொடியோ எதையாவது வைத்துக் கொஞ்சம் நன்றாகத் தேய்த்துப் பாருங்களேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாளாம். அவர் அதை அப்போதைக்கு மனசில் முடிந்துவைத்துக்கொண்டார். உறவுக்காரர்கள் எல்லாம் கூடிச் சாப்பிட உட்கார்ந்த ஒரு நாளில், பந்தி நடுவில், தன் பெண்டாட்டிக்குத் தன் வாசனை பிடிக்கவில்லையாம், அவளுக்கு எவன் வாசனை பிடிக்கும் என்று தெரிந்தால் யாராவது சொல்லுங்கள் என்று அந்த வெண்கலக் குரலில் கேட்டார். பந்தி சிரித்தது. அவளுடைய அண்ணனும் சிரித்தான். அதன் பிறகு அக்கா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுக்கப் பழகிக்கொண்டாள்.

அவர் நெஞ்சில் ஒரு கோளாறு இருந்தது எல்லோருக்கும் தெரியும். அவரே சொல்லிக் கொள்வார். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் கண்டதில் இதயத்து வால்வு ஒன்று கெட்டுப்போனதாம். இளவட்டமாக இருக்கும்போது கப்பல் வேலைக்குப் போனவரை, நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வேறு ஒருவனாக இருந்தால் பயந்து நடந்துகொள்வான். இவர் அதை ஒரு பதக்கம் மாதிரிக் குத்திக்கொண்டு திரிந்தார். ஓட்டை நெஞ்சை வைத்துக்கொண்டே இந்தக் குரல், நெஞ்சு நன்றாக இருந்திருந்தால் அக்கரைக்குக் கேட்டிருக்கும் என்பார்.

அவர் மகளைக் கட்டிக்கொண்டவன் பல் செட் செய்கிறவன். ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சுகளில் மாவு ஊற்றி, பல் வரிசை கட்டி, தேய்த்து மெருகு போட்டு அனுப்புவான். வெங்கலம் அவனைப் பல்செட்டு என்றுதான் கூப்பிடுவார், சம்பந்தி வீட்டார் முன்னாலும். ஒரு விடுமுறை நாள் மத்தியானம் எல்லோரும் மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாடகை விஷயமாக மேலே போன என்னையும் அக்கா உட்கார வைத்துவிட்டாள். பொரித்த மீனும் சோறும். வெங்கலம் மீனை இடது பக்கமாக மட்டும் மென்றுகொண்டிருந்தார். பல்செட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மாமா, அந்தப் பல்லை ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க. உங்களுக்கு வால்வு வேற சரியில்லைன்னு சொல்றீங்க. வாய்ல சீழ் இருந்தா அது நெஞ்சுக்குப் போயிடும்."

வெங்கலம் மென்று விழுங்கினார். தண்ணீர் குடித்தார். "வாய்க்கும் நெஞ்சுக்கும் என்னடா சம்பந்தம்?" என்றார். "அப்ப நீ கால்ல போடற செருப்பைத் தொடைச்சா உன் மண்டை பளபளக்குமா?"

மகள் சிரிப்பை அடக்கத் தட்டைப் பார்த்துக் குனிந்தாள். பல்செட்டின் காது சிவந்தது. ஒரு மனிதன் தனக்குத் தெரிந்ததை இன்னொருவன் உயிருக்காக இரண்டாம் தடவை சொல்லலாம், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுகூடப் போகலாம். அவன் செய்தது என்னவென்றால், சாப்பாட்டை முடித்துக் கை கழுவிவிட்டு, "நான் சொல்லிட்டேன், இனிமே அவர் பாடு" என்று மாடிப்படியில் என்னிடம் சொல்லிவிட்டுப் போனதுதான். அவனுக்கு வேண்டியது மாமனார் பிழைப்பது இல்லை. தான் சொன்னது பலித்தால் போதும்.

மறுநாள் சந்தையில் அதுவே ஏலத்துக்கு நடுவே வேடிக்கை ஆயிற்று. "என் மருமகன் டாக்டர் ஆயிட்டான்யா. வாய் வழியா நெஞ்சைப் பாக்கறான்." எல்லோரும் சிரித்தார்கள். யாரோ ஒருவன், அப்படியென்றால் அந்தப் பல்லை நீங்களே பிடுங்கிப் போட வேண்டியதுதானே அண்ணே என்று ஏற்றிவிட்டான். இவருக்கு அது போதும். பெட்டியில் ஆணி பிடுங்குகிற குறடு மேடையிலேயே கிடந்தது. அதை எடுத்து, மீன் கழுவின தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, வாய்க்குள் விட்டு, இப்படியும் அப்படியும் ஆட்டி, பல்லைப் பிடுங்கியே விட்டார். ரத்தம் தாடை வழியாகச் சட்டைக்கு இறங்கியது. பல்லைத் தூக்கிப் பிடித்து, அதையும் ஒரு கணவாய்க் கூடையில் போட்டு ஏலம் விட்டார். கை தட்டினார்கள். ஒருத்தன் உண்மையிலேயே விலை கேட்டான். இந்தக் கேவலத்தைப் பார்த்துவிட்டு நான் நிறுத்தியிருந்த மெஷினை மறுபடி ஓட விட்டேன். ஐஸ் கட்டிக்காவது உடைகிற அறிவு இருக்கிறது.

மழைக்காலம் தொடங்கியபோது அவருக்குக் காய்ச்சலும் தொடங்கியது. பெரிய காய்ச்சல் இல்லை. சாயங்காலமானால் உடம்பு கதகதக்கும், குளிரும், விடிவதற்குள் துணி நனைய வேர்த்து இறங்கும். தெருமுனையில் ஒரு டாக்டர் இருந்தார். எதற்கு வந்தாலும் ஊசி போடுவார். அதனால் ஊசி டாக்டர். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, நாக்கை நீட்டச் சொல்லி, அங்கிருந்தபடியே பார்த்தார். கிட்டே வந்து பார்க்க அவர் படிப்பு இடம் கொடுத்தது, மூக்கு இடம் கொடுக்கவில்லை. மழைக் காய்ச்சல் என்றார். ஊசி போட்டு, சில நாளைக்கு மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் விட்டது. மாத்திரை தீர்ந்ததும் திரும்பி வந்தது. மறுபடி அதே நாற்காலி, அதே நாக்கு, அதே ஊசி. மழை முடிகிற வரைக்கும் இது இப்படியே நடந்தது. ஒரு தடவையாவது அவர் அந்த மார்பில் குழாயை வைத்தாரா என்று பின்னால் அக்காவிடம் கேட்டேன். சட்டைக்கு மேலே வைத்தாராம்.

வெங்கலம் இளைத்துப் போனார். கழுத்து எலும்பு தெரிந்தது. இரண்டு கூடை ஏலம் விட்டால் மூச்சு வாங்கியது. நகத்துக்கு அடியில் சிராய் ஏறினது மாதிரிச் சின்னச் சின்னக் கோடுகள், விரல் நுனியில் சிவப்புப் புள்ளிகள். மீன் முள் குத்தினது என்றார். முள் எல்லா விரலிலும் ஒரே மாதிரி குத்துமா என்று அக்கா கேட்டதற்கு, அவளுக்கு எண்ணத் தெரிந்துவிட்டதே என்று அதிசயப்பட்டார். வீட்டில் எல்லாவற்றுக்கும் காரணம் அவள் சமையல்தான். சோறு வேகவில்லை, சூப்பில் உப்பு அதிகம், மீனை எண்ணெயில் குளிப்பாட்டி என் ஈரலைக் கெடுக்கிறாள் என்பார். ஒரு நாள் தட்டு படிக்கட்டில் உருண்டு வந்து என் கதவுக்கு முன்னால் நின்றது. அக்கா இறங்கி வந்து தட்டை எடுத்தாள். படியில் கிடந்த சோற்றைத் துணியால் கூட்டி அள்ளினாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாமே அக்கா, என் வண்டி சும்மாதான் நிற்கிறது என்றேன்.

"கூப்பிட்டேன் தம்பி. எந்த நோயும் இல்லாதவனை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடறியே, என்னை அங்க விட்டுட்டு எங்க போகத் திட்டம்னு கேக்கறார்."

அவள் அதை அழாமல் சொன்னாள். நனைந்த துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

மழை விட்டு வெயில் அடித்த முதல் நாள். சந்தையில் சரக்கு நிறைய வந்திருந்தது. தரை முழுக்கத் தண்ணீர், செதில், உடைந்த ஐஸ். வெங்கலம் மேடையில் ஏறினார். முதல் கூடை சாளை. விலையைத் தொடங்கினார், நன்றாகத்தான் தொடங்கினார். மூன்றாவது குரலில் எண் வர வேண்டிய இடத்தில் "கூடை" என்றார். அடுத்ததும் "கூடை". பிறகு "கூட, கூட, டகூ" என்று ஏதோ வந்தது. கூட்டம் சிரித்தது. திக்கிப் பேசுகிறவரைக் கேலி செய்கிறார் என்று நினைத்தார்கள். திக்குகிற அந்த மனிதரே, தன் முறை வந்துவிட்டது என்று தலையைக் குனிந்துகொண்டார். வெங்கலம் வலது கையைத் தூக்கப் பார்த்தார், அது வரவில்லை. வாயின் ஒரு பக்கம் கீழே இறங்கி எச்சில் வழிந்தது. அதற்கும் சிரித்தார்கள். "அண்ணன் இன்னிக்கு வேற லெவல்" என்று ஒருவன் என் பக்கத்தில் நின்று சொன்னான். அவர் கண்ணை நான் பார்த்தேன். அதில் வேடிக்கை இல்லை. மெஷினை நிறுத்திவிட்டு ஓடினேன். நான் போய்ப் பிடிக்கும்போது அவர் சாளைக் கூடை மேல் சரிந்திருந்தார். அப்போதும் பின்வரிசையில் ஒருவன் சிரித்து முடிக்கவில்லை.

ஐஸ் வண்டியில்தான் கொண்டுபோனோம். வழியில் அக்காவை ஏற்றிக்கொண்டேன். அவள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றும் வார்த்தையாக வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் கருவியை வைத்து உருட்டித் திரையில் பார்த்தார்கள். அப்புறம் ஒரு லேடி டாக்டர் வந்தார். அவர் செய்த முதல் காரியம், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, வாயைத் திறக்க வைத்து, டார்ச் அடித்துப் பார்த்ததுதான். முகம் மாறவில்லை. அதற்குள் மகளும் பல்செட்டும் வந்துவிட்டார்கள்.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று டாக்டர் கேட்டார்.

மழை ஆரம்பித்ததிலிருந்து காய்ச்சல் என்று மகள் தொடங்கினாள்.

"காய்ச்சலைக் கேக்கலைம்மா. வாயைக் கேக்கறேன்."

மகள் பல்செட்டைப் பார்த்தாள். அக்காதான் சொன்னாள். "கல்யாணம் ஆனதுலேருந்துங்க."

டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஈறு புண்ணாகிக் கிடந்தால் அங்கே இருக்கிற கிருமி மெல்லும்போதுகூட ரத்தத்தில் கலக்கும். நல்ல இதயமாக இருந்தால் பெரும்பாலும் உடம்பே அதை அடக்கிவிடும். இவருக்கு வால்வு ஏற்கெனவே பழுது. அந்தப் பழுதான இடத்தில் கிருமி ஒட்டிக்கொண்டு பாசி மாதிரி வளர்ந்திருக்கிறது. அதில் ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போய் அடைத்ததில்தான் பேச்சும் கையும் போயிருக்கின்றன. நடுநடுவே கொடுத்த மாத்திரை கிருமியைக் கொல்லவில்லை, நோயை மறைத்து வைத்தது.

"பல்லை அவரே புடுங்கிக்கிட்டாருங்க, குறடால" என்றேன் நான்.

"அதுவும் காரணமா இருக்கலாம்" என்றார் டாக்டர். "ஆனா அது ஒரு நாள் கூத்து. இந்த வாய் வருஷக்கணக்கா இப்படிக் கிடந்திருக்கு. கூட இருந்தவங்க ஒருத்தர்கூடவா சொல்லலை?"

பல்செட்டு தொண்டையைச் செருமினான். இந்த நிமிஷத்துக்காகவே அவன் பல மாதம் காத்திருந்தான். "நான் அப்பவே சொன்னேன் டாக்டர். வாய்க்கும் நெஞ்சுக்கும்..."

"நீ ஒரு தரம் சொன்னே" என்றாள் அக்கா, அவனைத் திரும்பிப் பார்க்காமல். "நானும் ஒரு தரம் சொன்னேன். ரெண்டு பேரும் அதோட நம்ம மானத்தைப் பாத்துக்கிட்டோம்."

நரம்பு வழியாக வாரக்கணக்கில் மருந்து ஏறியது. அந்த மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே பல் டாக்டர் வந்து, மிச்சம் இருந்த பற்களில் ஒன்றையும் காப்பாற்ற முடியாது என்று எல்லாவற்றையும் எடுத்தார். பிறகு நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். பிழைப்பார் என்று டாக்டர்கள் உறுதியாகச் சொல்லாத நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் அக்கா வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள். ஒழுங்காகச் சாப்பிடுவாள். வயிறு நிறைய அவள் சாப்பிட்டு நான் பார்த்தது அந்த ஆஸ்பத்திரிக் கேண்டீனில்தான்.

சந்தைக்காரர்கள் பார்க்க வந்தார்கள். பல் இல்லாதவருக்கு ஆப்பிள் வாங்கி வந்தார்கள். கதவுப் பக்கமாகவே நின்று, அண்ணன் இல்லாமல் சந்தையே செத்துக் கிடக்கிறது என்றார்கள். வெளியே போய், மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒருவன் "கூட, கூட, டகூ" என்று நடித்துக் காட்ட, மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் பின்னால் இறங்கி வந்ததைப் பார்த்ததும் முகத்தைத் துக்கமாக்கிக்கொண்டார்கள். சந்தை ஒன்றும் செத்துக் கிடக்கவில்லை. வேறு ஓர் ஆள் மைக் வைத்து ஏலம் விட்டுக்கொண்டிருந்தான். மெல்லிய குரல், யாரையும் ஒரு சொல் சொல்வதில்லை. மீன் எப்போதும் போல விற்றது. அந்த வெண்கலத்துக்கு அங்கே தேவையே இருந்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த விதவை ஒரு நாள் என்னிடம் அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். தேறி வருகிறார் என்றேன். அப்படியா என்று சொல்லிவிட்டு மீனைப் பொறுக்கினாள்.

கை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பேச்சுதான் வரவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வருவாள். படங்களைக் காட்டுவாள். கோப்பை, சாவி, குடை, மீன். மீன் படத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். உதடு குவியும், கழுத்து நரம்பு புடைக்கும், "ம" என்பதோடு நின்றுவிடும். வாழ்நாள் முழுக்க மீனை வாயால் விற்ற மனிதர். பாவமாக இருக்க வேண்டும். எனக்கு அந்த விதவையின் சிரிப்பு ஞாபகம் வந்தது. பாவமாக இல்லை.

வீட்டுக்கு அனுப்பப்போகிற நேரத்தில் ஒரு மத்தியானம் நானும் போயிருந்தேன். மகளும் பல்செட்டும் இருந்தார்கள். பயிற்சிப் பெண் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். கரண்டி உதட்டில் இடித்துக் கொஞ்சம் சூப் கழுத்துக்கு வழிந்தது.

"மூதேவி" என்றார் வெங்கலம்.

சுத்தமாக வந்தது. ஒரு எழுத்தும் பிசகவில்லை. வீட்டில் அவர் அவளைக் கூப்பிடுகிற பேர் அதுதான். முப்பது வருஷமாக என் தலைக்கு மேலே நான் கேட்ட பேர்.

பயிற்சிப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். இப்படித்தான் வரும் என்றாள். நாள் தவறாமல் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைதான் முதலில் தானாக வரும், நல்ல அறிகுறி என்றாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பா பழையபடி ஆகிவிட்டார் என்றாள். பல்செட்டு யாருக்கோ போன் போட்டான். வெங்கலம் எல்லோர் முகத்தையும் பார்த்தார். இறங்கிய உதடு கொஞ்சம் ஏறியது. இன்னொரு தரம் அதையே சொன்னார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. கழுத்தில் வழிந்த சூப்பைத் துடைத்தாள். கிண்ணத்தை ஜன்னல் ஓரம் வைத்தாள். ஒவ்வொரு தடவை சாப்பிட்டதும் ஈறைத் துடைத்துவிட வேண்டும், புது வால்வுக்கு வாய் சுத்தம்தான் காவல் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். வெங்கலம் அதற்கு லேசில் இணங்குவதில்லை. பல்லில்லாத வாயை இறுக்கி மூடிக்கொள்வார். அவள் "கொஞ்சம் திறங்க, கொஞ்சம் திறங்க" என்று கெஞ்சிக்கொண்டு நிற்பாள். அன்றைக்கு அவள் மருந்தில் நனைத்த துணியை விரலில் சுற்றிக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"வாயைத் திற."

மகளுக்குச் சிரிப்பு நின்றது. பல்செட்டு போனைக் காதிலிருந்து எடுத்தான். வெங்கலம் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல உதடு துடித்தது. அந்த ஒரு வார்த்தையைத் தவிர அவரிடம் வேறு எதுவும் இல்லை. அதையும் செலவழித்துவிட்டிருந்தார். அக்கா குரலை உயர்த்தவில்லை, இரண்டாவது தரம் சொல்லவும் இல்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வாயைத் திறந்தார்.

அக்கா அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். குனிந்து உள்ளே பார்த்தாள். அவளுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

"இன்னும் பெரிசா" என்றாள்.

திறந்தார்.